எம் 80 கான்கிரீட்: உயரமான கட்டடங்களின் சைட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது மாடி, ஐம்பது மாடிக் கட்டடங்களில் வேலைக்குச் சேரும் இளம் பொறியாளர்கள், சூப்பர்வைசர்கள், ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் இருப்பவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. எண்களும் விதிகளும் பெரும்பாலும் இந்திய நடைமுறையைச் சார்ந்தவை. வேறு நாட்டு விதி வரும் இடத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. எம் 80-ன்னா என்ன சார்? எதுல இருந்து 'ஹை ஸ்ட்ரெங்த்'னு சொல்லுவாங்க?

150 மி.மீ. பக்கமுள்ள கான்கிரீட் க்யூபை 28 நாள் தண்ணீரில் வைத்து நசுக்கினால், சதுர மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன் (80 மெகாபாஸ்கல்) தாங்க வேண்டும் என்பதே எம் 80. 'எம்' என்பது மிக்ஸைக் குறிக்கும். நூறு க்யூப் நசுக்கினால் 80-க்குக் கீழே வருபவை ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் இந்த எண்ணுக்குள் அடக்கம். அதனால்தான் மிக்ஸை 80-க்கு வடிவமைக்காமல் 90-க்கு வடிவமைக்கிறோம்.

கலவை வடிவமைப்புக்கான இந்தியத் தரவிதி (ஐ.எஸ்.) 10262, 2019 பதிப்பில், எம் 65-ஐயும் அதற்கு மேற்பட்டவற்றையும் உயர்வலிமைக் கான்கிரீட் எனத் தனியாகக் கையாள்கிறது.

2. எங்க ரெண்டு மாடி வீட்டுக்கும் எம் 60 போட்டா இன்னும் பலமா இருக்கும்ல?

வேண்டாம். ரெண்டு மாடி வீட்டின் தூணுக்கு வரும் சுமையை எம் 20, எம் 25 தாராளமாகத் தாங்கும். எம் 60-ஐக் கையால் கலக்க முடியாது. சரியாகக் கையாளாவிட்டால் முதல் நாளே தளத்தில் வெடிப்பு விழும். அந்தப் பணத்தை, கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடைவெளி தரும் நல்ல கவர் பிளாக்குக்கும், ஒழுங்காகத் தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பதற்கும் (கியூரிங்) செலவிடுங்கள். வீட்டின் ஆயுளைக் கூட்டுவது அதுதான்.

3. உயரமான கட்டடத்துக்கு மட்டும் ஏன் இது? கம்பியைக் கூட்டிட்டா போதாதா?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கீழ்த்தளத் தூண் ஒன்றுக்கு 20,000 கிலோநியூட்டன் சுமை, கம்பி 2 சதவீதம், ரகம் எஃப்.இ. 500 என்று வையுங்கள். கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456-இன் எளிய அச்சுச்சுமைச் சூத்திரப்படி எம் 30-க்குச் சுமார் 1040 மி.மீ. சதுரத் தூண் வேண்டும். எம் 80-க்கு 725 மி.மீ. போதும். ஒரு தூணுக்கு 0.56 சதுர மீட்டர் மிச்சம். இருபது தூண் என்றால் ஒரு மாடிக்கு 11 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 120 சதுர அடி. பேஸ்மெண்ட்டில் இரண்டு கார்களுக்கு நடுவே நிற்கும் தூண் ஒரு அடி மெலிந்தால் என்ன ஆகும் என்பது அங்கே வண்டி நிறுத்துபவருக்குத் தெரியும். (இந்தக் கணக்கு ஒப்பீட்டுக்கு மட்டுமே. எம் 80-க்கு ஐ.எஸ். 456-இன் சூத்திரத்தை அப்படியே போட்டு டிசைன் செய்யக் கூடாது.)

கம்பியைக் கூட்டலாம்தான். ஆனால் 4 சதவீதம் தாண்டினால், கம்பியோடு கம்பி சேர்த்துக் கட்டும் இடத்தில், கான்கிரீட்டை அதிரவைத்து அமர்த்தும் வைப்ரேட்டர் ஊசியே இறங்காது. கோலாலம்பூரில் 1998-இல் முடிந்த பெட்ரோனாஸ் கோபுரங்கள் 452 மீட்டர் உயரம். அவற்றின் வட்டத் தூண்கள் அடியில் 2.4 மீட்டர் விட்டம், மேலே போகப் போக 1.2 மீட்டராகக் குறைகின்றன. கீழ்மாடிகளுக்கு 80 கிரேடு கான்கிரீட்டைப் பயன்படுத்தியும் இந்த அளவு தேவைப்பட்டது. சாதாரணக் கான்கிரீட்டில் அந்தத் தூண்கள் எவ்வளவு தடித்திருக்கும் என்று யோசியுங்கள்.

4. சிமெண்டே 53 கிரேடுதான். அதுல எப்படி 80 வரும்?

53 என்பது சிமெண்ட்டின் உச்சவரம்பு என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு தரநிர்ணய மணல், குறிப்பிட்ட அளவு தண்ணீர் சேர்த்து வார்த்த சிறு க்யூப் 28 நாளில் குறைந்தது 53 காட்ட வேண்டும். அந்தச் சோதனைக்கான எண்தான் 53. தண்ணீரைக் குறைத்தால் அதே சிமெண்ட் இன்னும் அதிகம் தாங்கும்.

சிமெண்ட் இறுகத் தேவையான அளவைவிட அதிகமாகச் சேரும் தண்ணீர் பின்னால் வெற்றிடமாக, நுண்துளையாக நின்றுவிடுகிறது. எம் 25-இல் தண்ணீருக்கும் பைண்டருக்கும் உள்ள விகிதம் 0.45, 0.50 இருக்கும் (சிமெண்ட், ஃப்ளை ஆஷ் எனும் நிலக்கரிச் சாம்பல், ஸ்லாக் எனும் இரும்பு உலைக் கசடு, சிலிக்கா ஃப்யூம் எனும் நுண்தூள் எல்லாம் சேர்ந்ததையே பைண்டர் என்கிறோம்). எம் 80-இல் அது 0.25 முதல் 0.28. அவ்வளவு குறைந்த தண்ணீரில் கலவை உருண்டை மண்போலத்தான் இருக்கும். பாலிகார்பாக்சிலேட் வகை அட்மிக்ஸ்சர் (கலவையில் சேர்க்கும் வேதிப்பொருள்) சிமெண்ட் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் விலக்கி அதைப் பாய வைக்கிறது. சிமெண்ட் துகளைவிட ஏறக்குறைய நூறு மடங்கு நுண்மையான சிலிக்கா ஃப்யூம், துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளையும் ஜல்லியை ஒட்டிய பலவீனமான படலத்தையும் அடைக்கிறது.

5. அப்போ சிமெண்ட் மூட்டையைக் கூட்டிப் போட்டாலும் வந்துடுமே?

வராது. ஓர் அளவுக்கு மேல் சிமெண்ட்டைக் கூட்டினால் கூடுவது சூடும் சுருக்கமும்தான். மற்ற தூள்களைச் சேர்க்காமல், சிமெண்ட் மட்டும் கன மீட்டருக்கு 450 கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்வது இதற்காகவே.

6. ஒரு கன மீட்டர் எம் 80-க்கு என்னென்ன, எவ்வளவு போடணும்?

ட்ரயலைத் தொடங்க ஏற்ற அளவு: 53 கிரேடு சிமெண்ட் 430 கிலோ, ஃப்ளை ஆஷ் 90, சிலிக்கா ஃப்யூம் 40. ஆக பைண்டர் 560 கிலோ. தண்ணீர் 148 லிட்டர், விகிதம் 0.264. ஜல்லி 1050 கிலோ, மணல் 680 கிலோ. அட்மிக்ஸ்சர் பைண்டரில் 1 சதவீத அளவில், சுமார் 5.6 கிலோ. ஜல்லி, மணல் எடைகள் உள்ளே ஈரம் ஏறி, மேலே உலர்ந்த நிலைக்கு உரியவை.

இதை அப்படியே எடுத்து ஊற்றக் கூடாது. சிமெண்ட் பிராண்டு மாறினால், சில நேரம் அதே பிராண்டில் லாட் மாறினாலே, அட்மிக்ஸ்சர் ஒத்துப்போகாமல் அரை மணி நேரத்தில் கலவை இறுகிவிடும். புனலில் பேஸ்ட் வழியும் நேரத்தை அளக்கும் மார்ஷ் கோன் சோதனையில், அது எந்த அளவு அட்மிக்ஸ்சருக்கு மேல் வேகம் கூடாமல் நிற்கிறது என்று பார்த்து, பிறகு ட்ரயல் போடுங்கள். ட்ரயலையும் லேப் மிக்சரோடு நிறுத்தாமல், பிளான்ட்டில் முழு லோடு கலந்து இரண்டு மணி நேரம் ட்ரம்மில் சுற்றவிட்டுப் பாருங்கள்.

7. ஜல்லி எந்த சைஸ்? எம்-சாண்ட் போடலாமா?

20 மி.மீ. போட்டும் எம் 80 வரும். ஆனால் 12.5 மி.மீ. அல்லது 10 மி.மீ. எளிது. எம் 25-இல் விரிசல் ஜல்லியைச் சுற்றிப் போகும். எம் 80-இல் பேஸ்ட் ஜல்லிக்கு நிகராகிவிடுவதால் விரிசல் ஜல்லியைப் பிளந்துகொண்டே போகும். உடைந்த க்யூபின் உள்முகத்தைப் பாருங்கள், ஜல்லி வெட்டுப்பட்டிருக்கும். ஆகவே கல்லின் பலமே இங்கே எல்லை. எம் 65-க்கு மேல் ஜல்லியின் நொறுங்கல் மதிப்பு 22 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 383. சென்னையைச் சுற்றிக் கிடைக்கும் சார்னோக்கைட் கல் இந்த வகையில் நமக்குக் கொடுப்பினை. பல்லாவரம், பரங்கிமலைப் பாறையை வைத்துத்தான் உலக நிலவியலில் அந்தப் பெயரே வந்தது. தட்டைச் சில்லும் ஊசிச் சில்லும் கலந்த ஜல்லியை மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

எம்-சாண்ட் தாராளமாகப் போடலாம். கழுவியதாக, கொஞ்சம் கொரகொரப்பாக, நுண்மை எண் 2.8 முதல் 3.2-க்குள் இருந்தால் நல்லது. பேஸ்ட் ஏற்கனவே அதிகம் என்பதால் மாவு மணல் சேர்த்தால் கலவை பசையாகிவிடும். பூச்சுக்கான பி-சாண்டைக் கலக்கவே கூடாது.

8. லேப் ட்ரயல்ல 92 வந்துச்சு. சைட் க்யூப் 74 காட்டுது. எங்க தப்பு?

முதலில் மணல் ஈரத்தைப் பாருங்கள். பத்துக்கு ஏழு முறை பதில் அங்கேதான் இருக்கும்.

மேலே சொன்ன கலவையில் மணல் 680 கிலோ. அதன் மேற்பரப்பு ஈரம் 1 சதவீதம் கூடினால் 6.8 லிட்டர் தண்ணீர் கணக்கில் வராமல் உள்ளே போகும். இரவு பெய்த மழையில் 4 சதவீதம் ஏறி, பேட்சிங் கம்ப்யூட்டரில் யாரும் திருத்தாவிட்டால் 27 லிட்டர். விகிதம் 0.264-இலிருந்து 0.31-க்குப் போய்விடும். அப்போது வருவது எம் 80 அல்ல, எம் 60-ஐ ஒட்டிய ஒன்று. 0.50 விகிதத்தில் வேலை செய்யும்போது இதே பிழை கொஞ்சம் மன்னிக்கும், 0.26-இல் மன்னிக்காது. மணலுக்குக் கூரை போடுங்கள். ஷிஃப்ட்டுக்கு இரண்டு முறையாவது ஈரம் பாருங்கள். ட்ரான்சிட் மிக்சர் கழுவிய தண்ணீர் ட்ரம்மில் தங்கியிருந்தால் ஏற்றுவதற்கு முன் தலைகீழாகச் சுற்றிக் கொட்டச் சொல்லுங்கள். அது ஐம்பது லிட்டர்கூட இருக்கும்.

ஈரம் சரியென்றால் அடுத்து சிலிக்கா ஃப்யூம் கட்டியாகவே கிடக்கிறதா (கலக்கும் நேரம் போதவில்லை), எடைக்கருவி சரியாக இருக்கிறதா, க்யூப் வார்த்த விதம் என்ன என்று பாருங்கள். க்யூப் பற்றி 14-ஆம் கேள்வியில் விவரமாக இருக்கிறது.

9. வண்டி வரும்போதே கெட்டியா இருக்கு. கொஞ்சம் தண்ணி ஊத்திக்கலாமா?

கூடவே கூடாது. 6 கன மீட்டர் வண்டியில் 60 லிட்டர் ஊற்றினால் கன மீட்டருக்கு 10 லிட்டர். விகிதம் 0.282 ஆகிவிடும். 'ரெண்டு குடம்தானே' என்று தொடங்குவது எங்கே போய் நிற்கும் என்பதை முந்தைய பதிலில் பார்த்தோம்.

அதே அட்மிக்ஸ்சரை, பிளான்ட்டின் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் அளந்து ஊற்றலாம். ஊற்றிய பின் ட்ரம் முழு வேகத்தில் குறைந்தது ஐந்து நிமிடம் சுற்ற வேண்டும். ஊற்றிய அளவை டெலிவரி சலானில் எழுத வேண்டும். இதற்கென்று அனுமதித்த உச்ச அளவு ட்ரயலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் சரளமாகப் பாய்ந்தபின் ஜல்லி தனியாகப் பிரியும். அந்த நிலைக்கும் வந்துவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புவதுதான் ஒரே வழி. கீழ்த்தளத் தூணை இடிப்பதோடு ஒப்பிட்டால் ஒரு வண்டி கான்கிரீட் நஷ்டமே அல்ல.

10. அவ்ளோ உயரத்துக்கு பம்ப் எப்படி ஏத்துது? லைன் அடைக்காதா?

துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 600 மீட்டருக்கு மேல் ஒரே தூக்கில் ஏற்றினார்கள். உயரம் கூடக் கூட ஜல்லியின் உச்ச அளவை 20 மி.மீ.யிலிருந்து 14, பிறகு 10 என்று குறைத்துக்கொண்டே போனார்கள். உயர்வலிமைக் கலவை எளிதில் பிரியாது, அது பம்புக்கு நல்லது. ஆனால் பசைத்தன்மை அதிகம் என்பதால் அழுத்தம் கூடுதலாக வேண்டும். ஸ்லம்ப் (கலவையின் இளக்க அளவு) நன்றாக இருந்தும் பம்ப் திணறினால், கூம்பைத் தூக்கியதும் கலவை பரவும் வட்டத்தை அளக்கும் பாய்ச்சல் சோதனையில் கலவை 500 மி.மீ. வட்டத்தை எட்ட எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். நேரம் நீண்டால் அதுதான் காரணம். ஃப்ளை ஆஷைக் கூட்டி, எம்-சாண்ட் மாவைக் குறைத்தால் இளகும்.

லைனை வழுவழுப்பாக்க முதலில் விடும் சிமெண்ட் பாலைத் தூணுக்குள் விடாதீர்கள். தனியாகப் பிடித்து அப்புறப்படுத்துங்கள்.

11. தானா பாயுற கான்கிரீட்னா வைப்ரேட்டரே வேண்டாம்தானே? சென்ட்ரிங் வழக்கம்போல போதுமா?

பாய்ச்சல் சோதனையில் 650 மி.மீ.க்கு மேல் பாயும் உண்மையான தானே அமரும் கலவைக்கு வைப்ரேட்டர் வேண்டாம். 500, 550 என்றால் வேண்டும். ஊசியை நெருக்கமாக இறக்கி, மெதுவாக எடுங்கள். பசையான கலவையில் காற்றுக்குமிழி சீக்கிரம் மேலே வராது.

சென்ட்ரிங் வழக்கம்போல் போதாது. இறுகும்வரை அது தண்ணீர்போலவே பக்கவாட்டில் தள்ளும். 3.5 மீட்டர் உயரத் தூணை ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 87 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்பது டன். எதிரெதிர்ப் பலகைகளை இழுத்துப் பிடிக்கும் டை ராடுகளின் இடைவெளியை இந்த அழுத்தத்துக்குக் கணக்கிடுங்கள். இடுக்குகளை அடையுங்கள். பேஸ்ட் ஒழுகிய இடத்தில் ஜல்லி மட்டும் நின்று தேன்கூடுபோல் ஓட்டை விழும்.

12. கியூரிங் ஏழு நாள் போதுமா? தூண் தொட்டா சுடுதே, அது சரியா?

நாள் கணக்கைவிட முதல் 24 மணி நேரம் முக்கியம். இந்தக் கலவையில் மேலே கசிந்து வரும் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. அதனால் தளத்தில் ஊற்றிய கால் மணி நேரத்திலேயே மேற்பரப்பு காய்ந்து வெடிக்கும். தேய்க்கும்போதே மெல்லிய நீர்ப்பனி அடியுங்கள், உடனே பாலிதீன் போர்த்துங்கள். வெளியே காயாவிட்டாலும் சிமெண்ட்டே உள்ளிருக்கும் தண்ணீரை உறிஞ்சிச் சுருங்கும். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் விட்டால் துளைகள் அடைபட்டுவிட்டதால் உள்ளே இறங்காது. தூணுக்குச் சென்ட்ரிங் பிரித்த உடனே ஈரச் சாக்கும் அதன்மேல் பாலிதீனும் சுற்றுங்கள். ஃப்ளை ஆஷ் சேர்ந்த கலவை என்பதால் ஏழு நாள் போதாது, பத்து நாளாவது இருக்கட்டும்.

சூடு இயல்புதான், ஆனால் அளவு உண்டு. நூறு கிலோ சிமெண்ட்டுக்கு 10 முதல் 12 டிகிரி ஏறும். ஒன்றேகால் மீட்டர் தூணில், ஊற்றும்போதே கலவை 38 டிகிரி இருந்தால் நடுப்பகுதி எளிதில் 80-ஐத் தொடும். 70-க்கு மேல் போனால் உள்ளே எட்ரிங்கைட் படிகம் தாமதமாக, மாதங்கள் வருடங்கள் கழித்து உருவாகிக் கான்கிரீட்டை விரியவைக்கும் அபாயம் உண்டு. நடுவுக்கும் வெளிமுகத்துக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள். இரண்டு இடத்திலும் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) வைத்துப் பாருங்கள். சென்னை மே மாதத்தில் ஊற்றும் நேரத்தை இரவுக்கு மாற்றுங்கள். 148 லிட்டர் தண்ணீரில் 50 கிலோவைப் பனிக்கட்டிச் சில்லாகப் போட்டால் கலவை ஏழெட்டு டிகிரி குறையும். புர்ஜ் கலீஃபாவிலும் கோடையில் இரவில்தான், பனிக்கட்டி சேர்த்து ஊற்றினார்கள்.

13. தூண் எம் 80, ஸ்லாப் எம் 40. ரெண்டும் சேர்ற இடத்துல எதை ஊத்தணும்?

சைட்டில் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. மேல்மாடித் தூணின் சுமை முழுவதும் கீழ்த்தூணுக்குப் போக, ஸ்லாப் கனத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அந்த 200 மி.மீ.யில் எம் 40 இருந்தால், எம் 80 தூணின் நடுவே ஒரு மெத்தையைச் செருகியது மாதிரி.

இரண்டின் வலிமையும் 1.4 மடங்குக்கு மேல் வேறுபட்டால் தனி ஏற்பாடு வேண்டும் என்று அமெரிக்க விதியான ஏ.சி.ஐ. 318 சொல்கிறது. நம் உதாரணத்தில் 2 மடங்கு. முதல் வழி, தூண் முகத்திலிருந்து எல்லாப் பக்கமும் 600 மி.மீ. தள்ளி ஸ்லாப் கனத்துக்கும் தூண் கான்கிரீட்டையே ஊற்றுவது. இரண்டாவது, இணைப்பில் கூடுதல் நேர்க்கம்பியும் வளையமும் வைப்பது. மூன்றாவது, நாலாபக்கமும் ஸ்லாப்போ பீமோ பிடித்திருக்கும் உள்தூணுக்கு மட்டும், தூண் வலிமையின் 0.75 பங்கும் ஸ்லாப் வலிமையின் 0.35 பங்கும் கூட்டிக் கிடைக்கும் வலிமையை வைத்துக் கணக்குப் பார்ப்பது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது டிசைனர் முடிவு.

முதல் வழி என்றால் வரிசை முக்கியம். எம் 80 முதலில், எம் 40 பின்னால். மாற்றி ஊற்றினால் எம் 40 தூணுக்குள் ஓடிவிடும். 600 மி.மீ. எல்லையில் நெருக்கமான கம்பிவலை கட்டுங்கள். தூண் பகுதிக்கு கிரேன் பக்கெட்டால் ஊற்றி, அது இளகியிருக்கும்போதே ஸ்லாப் கான்கிரீட்டைக் கொண்டுவந்து எல்லையில் இரண்டையும் வைப்ரேட்டரால் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். இரண்டு வண்டியும் ஒரே நிறம். எனவே சலானில் பெரிய எழுத்தில் கிரேடு எழுதி, பக்கெட் நிரப்பும் இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள்.

14. க்யூப் டெஸ்டுக்கு எங்க லேப்ல 2000 கிலோநியூட்டன் மெஷின் இருக்கு. போதும்ல?

போதாது. 150 மி.மீ. க்யூபின் பரப்பு 22,500 சதுர மி.மீ. இலக்கு வலிமை 90 என்றால் 2025 கிலோநியூட்டன். நல்ல க்யூப் உடைவதற்குள் மெஷின் முடிந்துவிடும். 3000 கிலோநியூட்டன் மெஷின் வேண்டும்.

வேகமும் முக்கியம். சதுர மி.மீ.க்கு நிமிடத்துக்கு 14 நியூட்டன் வீதம், அதாவது இந்த க்யூபுக்கு வினாடிக்கு ஐந்தேகால் கிலோநியூட்டன். அப்படியானால் ஒரு க்யூபுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு ஏற்றினால் எண் பொய்யாகக் கூடும். மோல்டு முகம் கொஞ்சம் வளைந்திருந்தாலோ, பக்கங்கள் செங்கோணமாக இல்லாவிட்டாலோ எண் பொய்யாகக் குறையும். எம் 25-இல் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழை எம் 80-இல் பத்து நியூட்டன்வரை தின்றுவிடும். பிளாஸ்டிக் மோல்டைத் தவிர்த்து வார்ப்பிரும்பு மோல்டைப் பயன்படுத்துங்கள். முதல் நாள் இரவு வெயிலில் சுட்ட தகரத்தடியில் கிடந்த க்யூபை வைத்துத் தூணைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொன்று, ஃப்ளை ஆஷும் ஸ்லாக்கும் உள்ள கலவை 28 நாளுக்குப் பிறகும் நன்றாக ஏறும். கீழ்த்தூணுக்கு முழுச்சுமை வர வருடக்கணக்கு ஆகும் என்பதால் 56 அல்லது 90 நாள் வலிமையை நிபந்தனையாக வைக்கலாம். ஆனால் அதை டெண்டரிலேயே எழுத வேண்டும். 28 நாளில் தோற்றபின் '56-இல் பார்ப்போம்' என்பது ஏற்கத்தக்கதல்ல.

15. துபாய்ல சி80, இங்க எம் 80. ரெண்டும் ஒண்ணுதானா?

புர்ஜ் கலீஃபாவின் சி80 க்யூப் வலிமை, நம் எம் 80-ஐப் போலவே. ஐரோப்பிய விதியில் சி80/95 என்றால் 80 உருளை வலிமை, 95 க்யூப் வலிமை. அமெரிக்க எண்கள் எல்லாம் உருளை. அதே கான்கிரீட் உருளையில் குறைவாகவே காட்டும். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ டிராயிங் வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

16. எம் 30-லிருந்து எம் 80 போனா கட்டடம் ரெண்டரை மடங்கு விறைப்பா இருக்குமா?

இருக்காது. விறைப்பு வலிமையின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடர்கிறது. ஐ.எஸ். 456 சூத்திரப்படி விறைப்பின் அளவான மீள்குணகம் எம் 30-க்கு 27,400 மெகாபாஸ்கல், எம் 80-க்கு 44,700. வலிமை 2.67 மடங்கு, விறைப்பு 1.63 மடங்கு. அந்தச் சூத்திரமே எம் 80-க்குக் கொஞ்சம் தாராளம். உண்மையான மதிப்பு ஜல்லியின் கல்லைப் பொறுத்தது. சோதித்துப் பார்க்க வேண்டும். தூணை 3-ஆம் கேள்வியில் சொன்னபடி மெலியவைத்தால் காற்றில் அசைவு கூடவும் செய்யலாம்.

1980-களின் இறுதியில் சியாட்டிலில் எழுந்த டூ யூனியன் ஸ்கொயரில் 131 மெகாபாஸ்கல் கான்கிரீட் போட்டதற்குக் காரணம் சுமை அல்ல. அசைவைக் கட்டுப்படுத்த 50 ஜிகாபாஸ்கல் மீள்குணகம் வேண்டியிருந்தது. அதைத் தேடிப் போனதில் அந்த வலிமை கூடவே வந்தது.

17. இது சட்டுனு நொறுங்கிடும்னு சொல்றாங்களே, பூகம்பத்துல என்ன ஆகும்?

கான்கிரீட்டை மட்டும் பார்த்தால் உண்மைதான், முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். வளையக்கம்பி இறுகப் பிடித்தால்தான் தாங்கும். 2017-இல் வந்த ஐ.எஸ். 16700, உயர்ந்த கட்டடங்களுக்கு எம் 70-ஐ மேல்வரம்பாக வைத்து, அதைத் தாண்டினால் நசுங்கும் திரிபு (நீளத்தில் குறையும் பங்கு) குறைந்தது 0.002 என்று சோதனையில் காட்டச் சொன்னது இதனால்தான். சைட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது வளையத்தின் கொக்கி 135 டிகிரி மடங்கி உள்ளே போகிறதா என்பது. 90 டிகிரியில் விட்ட கொக்கி, கம்பியை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் திறந்துகொள்ளும்.

18. அடர்த்தியான கான்கிரீட் தீயிலயும் நல்லாதானே தாங்கணும்?

இங்கே அந்த அடர்த்தியே எதிரி. சூட்டில் உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகும். எம் 25-இல் அது துளைவழியே வெளியேறும். எம் 80-இல் வழி இல்லாமல் அழுத்தம் ஏறி, மேற்பரப்பு வெடித்து உதிரும். கம்பி நேரடியாகத் தீயைப் பார்க்கும். 1996 நவம்பரில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான கால்வாய்ச் சுரங்கத் தீயில் உயர்வலிமைக் கான்கிரீட் லைனிங் இப்படித்தான் பெருமளவு உதிர்ந்தது.

இதற்கு நம்பகமான மருந்து மெல்லிய ஒற்றையிழைப் பாலிப்ரொப்பிலீன் நார். இது சுமார் 160, 170 டிகிரியில் உருகி நீராவிக்கு வழி விடும். மிக உயர்ந்த கிரேடுகளுக்கு ஐரோப்பிய விதி தரும் வழிகளில் ஒன்று கன மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் இந்த நார் சேர்ப்பது. பிளான்ட்டிலேயே கலக்க வேண்டும். பாய்ச்சல் குறையும் என்பதால் நாரோடு சேர்த்தே ட்ரயல் போடுங்கள்.

19. 28 நாள் க்யூப் தோத்துடுச்சு. ஹாமர் அடிச்சுப் பார்த்தா நல்லா இருக்கு. விட்டுடலாமா?

ரீபவுண்ட் ஹாமர் அடித்ததும் எவ்வளவு துள்ளுகிறது என்பதை வைத்து மேற்பரப்பின் கடினத்தை மட்டும் சொல்லும். எம் 80-இல் அதன் அளவுகோலின் முனைக்கே வந்துவிடுகிறோம். ஒரு தூணை இன்னொன்றோடு ஒப்பிட, சந்தேகமான இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். 'பாஸ்' போட உதவாது. முதலில் 14-ஆம் பதிலில் உள்ளபடி க்யூபும் மெஷினும் சரியா என்று பாருங்கள். பேட்ச் பிரிண்ட் அவுட்டில் அந்த வண்டியின் தண்ணீர் எடையைப் பாருங்கள். அதிலும் தெளியவில்லை என்றால் தூணிலிருந்து கோர் (துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுப்பதே வழி.

ஐ.எஸ். 456-இன்படி கோர்களின் சராசரி கிரேடில் 85 சதவீதம், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எம் 80-க்கு அது 68-உம் 60-உம், க்யூப் வலிமைக்கு மாற்றிய பிறகு. கம்பியை ஸ்கேன் செய்து, நேர்க்கம்பி அறுபடாத இடத்தில் டிசைனர் குறித்துக் கொடுத்தபின் துளையுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தூணுக்கு மேல் அடுத்த மாடி ஏற்றாதீர்கள்.